திரை இருண்டால் ஏடு தொலைந்ததாகுமா?

படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் பழைய கணினிகள் பல இந்நாட்களிற் புதுவேடம் புனைந்து நிற்கக் காண்கின்றோம். மைக்ரோசொஃப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு அளித்துவந்த வழமையான ஆதரவை 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதியுடன் முடித்துக்கொண்டது. அடுத்துவந்த விண்டோஸ் 11, தான் வேண்டும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய பொறிகளை ஏற்பதில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர்ப் புதிய கணினி வாங்குதல் சம்பளத்தை நம்பி வாழுங் குடும்பத்துக்கு எளிய காரியமன்று. ஆகவே, பத்தாண்டு உழைத்த பொறியைப் பரணில் ஏற்றிவிடாது, விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவிக்கொள்வோரை வாவியின் இருமருங்கிலும் காணலாம்.

லினக்ஸ் நமக்குப் புதிதேயன்றி உலகிற்குப் புதிதன்று. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991ஆம் ஆண்டில், தமது இருபத்தொராம் வயதில், அதன் அகநிரலை எழுதி உலகிற்கு வெளியிட்டார். இன்று நம் கைத்தொலைபேசிகளுட் பெரும்பாலானவற்றில் இயங்கும் அன்ரொயிட்டின் அடியிலும் அதுவே இருக்கின்றது. அது உறுதியானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயினும் உறுதியான வீட்டிலுங் கதவு சில வேளை இறுகிக்கொள்ளும். திரை இருண்டுவிடும், எழுத்துகள் பெட்டி பெட்டியாகத் தோன்றும், நேற்றுவரை முகப்பிலிருந்த கோப்புகள் இன்று காணாமற் போகும். அவ்வேளையிலே பலருங் கேட்கும் மருத்துவ ஆலோசனை ஒரே சொல்லாக இருக்கின்றது. 'ஃபோமட்' என்பதே அச்சொல். வட்டிலுள்ள யாவற்றையும் அழித்துப் புதிதாக எழுதுவோம் என்பது அதன் பொருள். கதவு இறுகியமைக்காக வீட்டை எரிக்கும் வைத்தியம் இது என்போம்.

இதனை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வாவிக்கு மேற்கே, வயல்சூழ்ந்த ஊரொன்றிலே, பரம்பரையாகக் கூத்துப் பழக்கிவந்த அண்ணாவியார் குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். ஏட்டிலிருந்து கொப்பிக்கும், கொப்பியிலிருந்து இன்னொரு கொப்பிக்குமாக வந்த கூத்துப் பிரதிகளை அவ்வீட்டுப் பேரன் மூன்று ஆண்டுகளாகக் கணினியில் எழுத்தேற்றி வந்தான். கொப்பிகளிற் சில செல்லரித்துப் போனமையால், கணினியிலுள்ளதே பல பகுதிகளுக்கு எஞ்சிய ஒரே பிரதி. ஒருநாள் மாலை, இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றது. மறுநாட் காலை பொறியை இயக்கியபோது கருந்திரையும் சில ஆங்கில வரிகளுமே தோன்றின. காட்டிய இடத்திற் கிடைத்த தீர்ப்பும் ஃபோமட்தான். "சேர், அம்மப்பாட கூத்தெல்லாம் போயிற்றா?" என்று கேட்டுக்கொண்டு அவன் எம்மிடம் வந்தான்.

போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை விளக்க, அவனுக்குத் தெரிந்த கூத்துக்களரியையே உவமையாகக் கொண்டோம். களரியின் நிலம் போன்றது லினக்ஸின் அகநிரல். களரியைச் சுற்றி ஏற்றும் விளக்குகள் போன்றது திரையிற் படத்தை வரையும் பகுதி. இதற்கு எக்ஸ் என்றும் வேலண்ட் என்றும் இருவகை உண்டு. ஆட்டக்காரரின் உடுப்பும் முடியும் போன்றது நாம் காணும் முகப்பு. சின்னமன், மாட்டே, எக்ஸ்.எஃப்.சி.ஈ., குனோம் எனப் பல பெயர்களில் அது வரும். அரசர் வருகின்றார் என்று முன்னே வந்து கூறுங் கட்டியகாரன் போன்றது கோப்பு மேலாளர். எந்தக் கோப்புறையில் எந்தக் கோப்பு உளது என்று காட்டுவது அதன் தொழில். இனி, விளக்கு அணைந்தால் அரசன் இறந்தான் என்று எவருஞ் சொல்வதில்லை. கட்டியகாரனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் ஆட்டக்காரர் ஊரைவிட்டு ஓடிவிட்டார் என்றும் பொருளன்று. கோப்புகள் வட்டிலே வேறாக உள்ளன. அவற்றைக் காட்டுவது வேறு.

எந்த அடுக்கிற் பழுது என்று அறிவதே பாதி வேலை. திரை இருண்டிருக்கையிற் கொன்ட்ரோல், ஓல்ட் என்னும் இரு விசைகளுடன் எஃப்3 விசையையுஞ் சேர்த்து அழுத்திப் பார்த்தல் வேண்டும். வெறும் எழுத்துத்திரை தோன்றிப் பயனர் பெயரைக் கேட்குமாயின், நிலம் உறுதியாகவே இருக்கின்றது, விளக்கிலேதான் குறை. இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை: அந்த எழுத்துத்திரைக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ப் பெயருடைய கோப்புகள் அங்கே சதுரங்களாகவோ வேறு குறிகளாகவோ தோன்றும். அதைக் கண்டு பெயர்கள் சிதைந்தன என்று கலங்க வேண்டுவதில்லை. முகப்புக்கு மீண்டால் தமிழும் மீளும்.

அதுவும் தோன்றாவிடின் லினக்ஸ் நிறுவப் பயன்பட்ட பென்ட்ரைவையே மருந்தாகக் கொள்ளலாம். அதிலிருந்து பொறியை இயக்கினால், உள்ளேயுள்ள வட்டில் எதையும் எழுதாமலே ஒரு முழுமையான முகப்பு திரையில் வரும். அதன் கோப்பு மேலாளரைத் திறந்து, உள்வட்டினுட் புகுந்து, வேண்டியவற்றை வேறொரு வட்டுக்குப் படியெடுத்துக்கொள்ளலாம். நிறுவுக என்னும் பொத்தானை மட்டும் தொடலாகாது. பேரனின் பொறியிலும் முதலில் இதையே செய்தோம். கூத்துகள் யாவும் இருந்தன. படியெடுத்த பின்னரே பரிகாரத்துக்குச் சென்றோம்.

பரிகாரமோ மிகச் சிறிது. லினக்ஸ் பதிப்புகளிற் பெரும்பாலானவை புதிய அகநிரலை நிறுவும்போது பழையதையும் விட்டுவைக்கும். பொறி விழிக்கும் வேளையில் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தாலோ, எஸ்கேப் விசையைத் தட்டினாலோ ஒரு பட்டியல் தோன்றும். அதன் இரண்டாம் வரியிற் புகுந்து, முந்தைய எண்ணுடைய அகநிரலைத் தேர்ந்தோம், முகப்பு வந்தது. பாதியில் நின்ற நிறுவலை முடிக்குமாறு ஒரு கட்டளை கொடுத்தோம். மறுமுறை பொறி தானாகவே எழுந்தது. அரைமணி நேரத்து வேலைக்காக மூன்று ஆண்டு உழைப்பை அழிக்க இருந்தார்கள்.

திரை பற்றிய வேறொரு பிணி நம் கரையோரத்துக்குச் சிறப்பாக உரியது. படம் வருகின்றது, ஆனால் எல்லாம் பருத்து, மங்கி, 1024க்கு 768 என்ற பழைய அளவிலேயே நிற்கின்றது, அமைப்புகளிற் போய்ப் பார்த்தால் வேறு அளவே இல்லை. உடனே லினக்ஸைக் குறை கூறுகின்றோம். பழைய நீலத்தலை வி.ஜி.ஏ. கம்பியில் 15 ஊசிகளுக்கு இடம் உண்டு. முதல் மூன்றும் செம்மை, பசுமை, நீலம் என்னும் நிறங்களைச் சுமக்கும். 12ஆம் 15ஆம் ஊசிகளோ 'நான் இன்ன திரை, என் அளவு இன்னது' என்று திரை கணினிக்குச் சொல்லும் வழி. உப்புக்காற்றிற் கறைபிடித்தோ வளைந்தோ அவ்விரண்டும் தொடர்பற்றுப் போனால், படம் குறைவின்றி வரும்; அளவு மட்டும் தெரியாது போகும். கணினி அச்சத்தினாலே சிறிய அளவில் நின்றுகொள்ளும். கல்லடியிலோ நாவலடியிலோ கடற்காற்றுப் படும் அறையில் ஆண்டுக்கணக்கில் இருந்த கம்பியை மாற்றிப் பார்க்காமல் மென்பொருளில் நாட்கணக்காக மல்லுக்கட்டுதல் வீண். கம்பியை மாற்றியுந் தீராவிடில், தொடக்கப் பட்டியலில் 'நோமோட்செட்' என்னும் சொல்லைச் சேர்த்து இயக்கினால், படச்சில்லின் நுட்பங்களைத் தொடாத எளிய முறையில் திரை எழும். அஃது ஊன்றுகோலேயன்றிக் காலன்று. சரியான இயக்கியை நிறுவியபின் எடுத்துவிடல் வேண்டும்.

முகப்பிலுள்ள சின்னங்கள் யாவும் ஒருங்கே மறைந்துபோதலும் பலரை நடுங்கச் செய்வது. சின்னமன், மாட்டே போன்ற முகப்புகளில் அச்சின்னங்களை வரைவது கோப்பு மேலாளரே. அது தடுக்கி விழுந்தாற் சின்னங்களும் மறையும். வெளியேறி மீள நுழைந்தால் பெரும்பாலும் அவை வந்துவிடும். குனோம் முகப்பினர் 2018ஆம் ஆண்டில் முகப்புச் சின்னங்களை வரையும் வேலையைத் தம் கோப்பு மேலாளரிலிருந்து அடியோடு நீக்கிவிட்டனர். அதை அறியாது இற்றைப்படுத்தியவர்கள் எத்தனை பேர் தலையிற் கைவைத்தார்களோ! கோப்புகள் 'டெஸ்க்டொப்' என்னும் கோப்புறையினுள்ளே அப்படியே இருந்தன.

பழுது பொறியிலா, நம் சொந்த அமைப்புகளிலா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தோற்றுவித்து அதில் நுழைந்து பார்க்க. அங்கே யாவும் நேராக இயங்கினால், இயங்குதளத்தில் நோயில்லை; நம் வீட்டுக் கோப்புறையில் மறைந்துள்ள ஏதோ ஓர் அமைப்புக் கோப்பே குறும்பு செய்கின்றது. கொன்ட்ரோல் விசையுடன் எச் விசையை அழுத்தினால் மறைந்திருப்பவை வெளிப்படும். ஐயத்துக்குரியதை அழிக்காமற் பெயர் மாற்றி வைப்பதே விவேகம். இதே விசையால் இன்னொரு மர்மமும் துலங்கும்: பென்ட்ரைவிலிருந்து கோப்புகளை நீக்கிய பின்னும் இடம் விடுபடவில்லை என்று மாணவர் முறையிடுவர். நீக்கியவை அதே பென்ட்ரைவில் மறைந்துள்ள குப்பைக் கோப்புறையிலே கிடக்கும். மற்றும், படியெடுத்து முடிந்தது என்று திரை காட்டினாலும் தரவு இன்னும் நினைவகத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம். முறைப்படி வெளியேற்றாமற் பிடுங்குதல் கோப்புக்கு ஆபத்து. விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே உள்ள பொறியில், விண்டோஸின் பகுதியைப் படிக்க முடிகின்றது, எழுத முடியவில்லை என்றால், விண்டோஸ் முழுமையாக உறங்காமல் 'விரைவுத் தொடக்கம்' என்னும் அரைத்துயிலில் இருக்கின்றது என்க. அதை விண்டோஸிலேயே நிறுத்த வேண்டும்.

இவை எல்லா நாட்டவர்க்கும் பொதுவானவை. ஆங்கிலத்தில் விளக்கங்கள் நிரம்ப உண்டு. தமிழருக்கே உரிய பழுதுகள் சில உள. அவற்றைப் பிறர் நமக்குச் சொல்லித் தரமாட்டார். அவர்கள் கண்ணில் அவை படுவதே இல்லை.

பேரனின் கோப்புகளைப் புதிய வட்டில் அடுக்கியபோது 'வடமோடி' என்னும் பெயருடன் இரண்டு கோப்புறைகள் அருகருகே நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றே. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு இருத்தல் எங்ஙனம்? ஒருங்குறியில் 'மோ' என்பதை இருவிதமாக எழுதலாம். மகரத்தின் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒன்று. இரட்டைக்கொம்பும் காலும் எனப் பிரித்து இரு குறிகளாக இடுவது மற்றொன்று. விதிப்படி இரண்டுஞ் சமம், கண்ணுக்கும் ஒன்றே. ஆனால் லினக்ஸின் வழமையான கோப்பு முறைமை எழுத்தைப் பார்ப்பதில்லை, எண்களையே ஒப்பிடும். முன்னது 18 பைட்டு, பின்னது 21 பைட்டு; ஆகவே இரண்டும் வெவ்வேறு பெயர். ஒன்று விசைப்பலகையில் நேரே தட்டியது. மற்றையது பழைய எழுத்துருவிலிருந்து மாற்றுங் கருவி தந்தது. தேடுபொறியில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாமற் போகலாம். பெயரை முழுவதும் அழித்து ஒரே விசைப்பலகையால் மீளத் தட்டுவது எளிய பரிகாரம். நூற்றுக்கணக்கில் இருந்தால் 'கன்வ்எம்வி' என்னும் சிறு கருவி ஒருங்கே சீராக்கும். இதற்கு ஒப்பானதே ஔகாரத் தொல்லை. 'ஔ' என்னும் ஓர் எழுத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டி ஔவையாரை எழுதுவோர் ஏராளம். கண் ஏமாறும், கணினி ஏமாறாது.

பெயரின் நீளம் அடுத்தது. லினக்ஸிற் கோப்புப் பெயர் 255 பைட்டுக்கு மேற்படலாகாது. ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட்டு. தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று. 'மட்டக்களப்பு' என்பது நம் கணக்கில் எட்டு எழுத்து. கணினியின் கணக்கிற் புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியே எண்ணப்பட்டுப் பன்னிரண்டு குறியாகி, 36 பைட்டைப் பிடித்துவிடும். ஆங்கிலத்தில் அதே ஊருக்குப் பத்துப் பைட்டுப் போதும். விண்டோஸ் பைட்டை எண்ணாது குறியையே எண்ணுமாதலால், அங்கே கடிதத் தலைப்புப்போல் நீட்டி எழுதிய பெயர்கள் செல்லுபடியாகும். லினக்ஸுக்குப் படியெடுக்கையிலே 'பெயர் மிக நீண்டது' என்று அவை மறுக்கப்படும். 85 குறிக்குள் அடக்குக. நம்மவர் கோப்புகளுக்கு இடும் பெயர்களை நோக்குங்கால் இக்கட்டுப்பாடு நன்மையே என்றும் எமக்குத் தோன்றுவதுண்டு.

பாமினியை விட்டுச் செல்லல் ஆகாது. இலங்கைத் தமிழ் அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் அந்த எழுத்துருவிலேயே தட்டெழுதி வந்தன. ஆங்கில எழுத்துக்குரிய இடத்திலே தமிழ் உருவை ஒளித்துவைக்கும் உபாயம் அது. எழுத்துரு நிறுவப்படாத லினக்ஸிலே அத்தகைய ஆவணத்தைத் திறந்தால் பொருளற்ற ஆங்கிலக் குவியல் தோன்றும். ஆவணம் கெடவில்லை, முகமூடி கழன்றது, அவ்வளவே. மூலத்தைத் தொடாது வைத்துக்கொண்டு, மாற்றுங் கருவியால் ஒருங்குறியில் வேறொரு பிரதி செய்தல் வேண்டும். தட்டச்சுப் பழக்கத்தால் மெய்க்கு முன்னே கொம்பைத் தட்டுவோர்க்கும் ஒரு சொல்: ஒருங்குறியில் மெய் முன்னும் கொம்பு பின்னுமாகவே பதிதல் வேண்டும். விசைப்பலகை நிரல் அதைத் திருப்பி வைக்காவிடின் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைப் பற்றிக்கொண்டு அனாதையாக நிற்கும். எழுத்துகள் யாவும் பெட்டிகளாகத் தோன்றின், தமிழ் எழுத்துருவே இல்லை என்பது பொருள். நோட்டோ, லோகித் என்பவற்றுள் ஒன்றை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம்.

இவற்றைத் திருத்துவோர் யார் என்று கேட்டால், அயல்மொழியினரின் வரலாறு விடை தருகின்றது. கேரளத்துப் பள்ளிகள் 2000களின் நடுப்பகுதியிலிருந்து லினக்ஸுக்கு மாறின. மலையாளக் கூட்டெழுத்துகள் திரையிற் சிதைந்தபோது, 'ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தன்னார்வலர் குழுவினர் எழுத்துருக்களையும் நிரல்களையும் தாமே திருத்தினர். கணிப்பொறி எழுதியவர் வந்து திருத்தட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. நம் பக்கத்திலும் முன்மாதிரிக்குக் குறைவில்லை. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானம் பயின்ற பட்டதாரி. 1930களிற் சென்னையிலே தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர். சொல் பற்றிய சிறு மனக்குறையொன்றையும் இங்கே சொல்லிவிடுகின்றோம்: நம் நாட்டு அலுவலகங்கள் 'கோவை' என்று வழங்கியதைக் கணினி 'கோப்பு' என்கின்றது. மணிகளைக் கோத்தாற்போலத் தாள்களைக் கோத்துவைப்பது கோவை. அச்சொல்லையே வைத்திருந்தால் என்ன என்பது எம் எண்ணம்.

லினக்ஸின் முகப்புகளுக்கும் கோப்பு மேலாளர்களுக்கும் பழுதறிக்கை எழுதும் இடம் ஒவ்வொன்று உண்டு. எவரும் எழுதலாம், கட்டணமில்லை. எழுதுவோர் கவனிக்க வேண்டியவை சிலவே. எந்தப் பதிப்பு, அதன் எண் என்ன. என்ன செய்தபோது பழுது தோன்றியது. எதை எதிர்பார்த்தோம், எது நிகழ்ந்தது. திரையின் படம் ஒன்று. தமிழ்ச் சொல்லிற் பழுது எனின், அச்சொல்லைப் படமாக மட்டுமன்றி எழுத்தாகவும் அனுப்புதல் வேண்டும். படத்தில் இரண்டு 'வடமோடி'யும் ஒன்றாகவே தோன்றும். எளிய ஆங்கிலம் போதும். அந்தப் பேரன் தன் இரண்டு கோப்புறைகளைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதி அனுப்பியிருக்கின்றான். தமிழ் அறியாத ஒருவர், கொம்பு என்றால் என்ன, கால் என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டு எழுதியிருக்கின்றார். அதற்கு விடையெழுதும் வேலை இப்போது நடைபெறுகின்றது.